கறிக்கு மூட்டம்

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான்கு சேலைகளுக்கு நடுவிலிருந்து கடிகாரம் போன்ற இரண்டு வட்ட வெப்பமானிகளை எடுத்து மேசைமேல் வைத்து, "இது என்னம்மா?" என்றார்.

"கறி வேகற சூட்டைப் பார்க்கறதுங்க."

"எங்க வீட்ல கரண்டியால குத்திப் பார்ப்பாங்க" என்றார் அவர். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஒன்றரை நாள் தூங்காத எரிச்சலில், "சீக்கிரம் விடுங்க சார், பஸ் பிடிக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பீப்பாய் இருக்கிறது. என் கணவன் ஜெபா அதை வெட்டி, ஒட்டி, பக்கவாட்டில் ஓர் அடுப்பைப் பொருத்தி, புகையிலேயே கறி வேகிற மாதிரி செய்து வைத்திருக்கிறான். தீ கறியைத் தொடாது. பக்கத்துப் பெட்டியில் விறகு மெல்லக் கனியும். அந்தச் சூடும் புகையும் பீப்பாய்க்குள் நுழைந்து, கறியைத் தடவிக்கொண்டே போய், மறுமுனைக் குழாயில் வெளியேறும். முழுசாகப் பத்து மணிநேரம் ஆகும். எங்கள் கோயம்புத்தூரில் அந்த நேரத்தில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்து, பந்தியும் முடித்துவிடுவார்கள். ஜெபாவுக்கு அதில் திருப்தியே வராது. குழாயைக் கீழே இறக்குவான், உள்ளே ஒரு தகடு வைப்பான், தகட்டில் ஓட்டை போடுவான், அடுத்த மாதம் அந்த ஓட்டையை அடைப்பான். சனிக்கிழமை விடிந்தால் அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். பாளையங்கோட்டைக்காரன் முழு அமெரிக்கனாகிவிட்டான் என்று எல்லோரிடமும் நான் கேலி பேசுவேன்.

மாமனார் வீட்டில் அவனை 'அவர்' என்பேன்; இங்கே எனக்குள் இருக்கிறபடி 'அவன்' என்றே எழுதுகிறேன். அவன் ஊருக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. அவனுடைய விசா விவகாரம் இழுத்துக்கொண்டே போகிறது. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று வக்கீலுக்கே தெரியாது. என்னுடைய தாள்கள் வேறு வரிசையில் இருப்பதால் நான் போய் வரலாம். போன வருடம் அவனுடைய அம்மா தவறியபோது அவன் பெட்டி கட்டினான். "போகாதே, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் தனியாக என்ன செய்வேன்?" என்று தடுத்தவள் நான். அத்தையின் அடக்கத்தை அவன் செல்பேசியில் பார்த்தான். அன்றோடு மாமா அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வாரம் தவறாமல் அவன் கூப்பிடுகிறான். அவர் போனைத் தொடுவதில்லை.

மாமா சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்று அவன் அக்கா ஒருநாள் சொன்னார். அன்று இரவே உட்கார்ந்து பதினோரு பக்கத்துக்குப் படம் வரைந்தான் ஜெபா. "நான் போவ முடியாது. என் அடுப்பாவது போவட்டும். அதுல வெந்தத அப்பா ஒரு வாய் தின்னாப் போதும், பேசிருவாவ" என்றான். அசட்டுத்தனம் என்று தோன்றியது. ஆனாலும் தடுத்தவள் நானல்லவா? படத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டை வீட்டு வாசலில் மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த டிப்போ வண்டில வந்த?" என்பதுதான். முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். நான் முழித்தேன். "எத்தன மணிக்கு மதுரையில எடுத்தான்?" என்றார். சொன்னேன். மனதுக்குள் கணக்குப் போட்டு, "கோவில்பட்டில டீ குடிக்க ரொம்ப நேரம் நிறுத்திருக்கான்" என்று முடிவு சொல்லிவிட்டு உள்ளே போனார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆள் பாதியாகியிருந்தார், சட்டை தோளில் தொங்கியது.

ஜெபாவின் அக்கா எஸ்தர் மதினி பள்ளிக்கூட ஆசிரியை. அம்மா போனபிறகு அப்பாவோடு வந்து இருக்கிறார். அன்று உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்திருந்தார். கறுப்பு உளுந்தும் அரிசியும் பூண்டும் தேங்காயும் சேர்ந்து குழைந்த அந்தச் சோற்றை நான் மூன்று முறை போட்டுக்கொண்டேன். மாமா நாலு வாய் பிசைந்தார், எழுந்துவிட்டார். மாலை ஆறு மணிக்கு, அங்கே காலை விடிந்ததும், ஜெபா கூப்பிட்டான். மணியடித்த உடனே மாமா ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தன் மொபெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். போன் பேசி முடிக்கும்வரை துடைத்தார்.

"டெய்லி இதே கதைதான். அந்த வண்டி தேஞ்சே போவப்போவுது" என்றார் மதினி.

மறுநாள் பீப்பாய் வேட்டை. ரசாயனம் ஏற்றிய பீப்பாய் ஆகாது, சமையல் எண்ணெய் வந்ததாக இருக்கவேண்டும் என்று ஜெபா சிவப்பு மையில் எழுதியிருந்தான். வள்ளியூர்ச் சந்தைப் பக்கம் ஓர் எண்ணெய்க் கடையில் கிடைக்கும் என்றார்கள். காலையிலேயே பஸ்ஸில் போய் இறங்கினேன். கடைக்காரர் பீப்பாயைத் தட்டிக் காட்டி, "தண்ணி பிடிக்கவா, தானியம் போடவா?" என்று கேட்டார். கறி சமைக்க என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பீப்பாயை ஏற்ற மறுத்துவிட்டார்கள். கடைசியில் இசக்கி என்பவரின் 'குட்டி யானை' சரக்கு வண்டியில் இடம் கிடைத்தது. நான் முன்னால் அவர் பக்கத்தில், பீப்பாய் பின்னால். நாங்குநேரி தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். இசக்கி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மிக நிதானமாக, "யக்கா, ஒங்க பீப்பா எறங்கிட்டு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கயிறு அவிழ்ந்து, பீப்பாய் சாலையோரச் சரிவில் தன் பாட்டுக்கு உருண்டு போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. அது போய் முள்காட்டுக்குள் புகுந்து நின்றது. நாங்கள் இருவரும் குனிந்தும் தவழ்ந்தும் உள்ளே போனோம். என் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் ஏறியது. எனக்குத் தெரிந்த கோயம்புத்தூர் வசவுகளையெல்லாம் அந்த மரத்துக்குக் கொடுத்தேன்.

"சீமை உடை. சனியன்க்கா இது. வெட்ட வெட்ட மொளைக்கும். கெணத்துத் தண்ணியப் பூராவும் குடிச்சிரும்" என்றார் இசக்கி. நம் பக்கம் சீமைக் கருவேலம் என்பதுதான். அந்த இலையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. படம் எடுத்து ஜெபாவுக்கு அனுப்பினேன். அங்கே நடுச்சாமம், ஆனால் உடனே குரல்பதிவு வந்தது. "நம்ம வாங்குத வெறகுப் பையில மெஸ்கீட்டுன்னு போட்டிருக்கும்லா, அதோட ஒடம்பொறப்புதான் இது. விறகு வெட்டிப் போட்டிருப்பாங்க, ரெண்டு கட்டு வாங்கிட்டுப் போ. பச்ச வேண்டாம், காஞ்சதா பாத்து எடு."  பிறகு, "எங்கன நிக்க? நாங்குநேரியா?" என்று கேட்டு முடிந்தது.

அமெரிக்காவில் இந்த விறகைத் துண்டு துண்டாக வெட்டிப் பையில் போட்டுக் கடையில் விற்கிறார்கள் என்று இசக்கியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சீமைக்காரனுக்கு வேற வேலை இல்லியா? இங்கன வரச் சொல்லுங்க, சும்மாவே அள்ளிட்டுப் போவட்டும்" என்றார். சாலையோரம் வெட்டி அடுக்கியிருந்த இடத்தில் கேட்டு இரண்டு கட்டு ஏற்றிக்கொண்டோம். இந்த முறை பீப்பாயை அவர் மூன்று கயிறு போட்டுக் கட்டினார்.

வெல்டிங் பட்டறை வைத்திருந்த முருகன் அண்ணாச்சி, கல்யாண மண்டபங்களுக்கும் புரோட்டாக் கடைகளுக்கும் அடுப்புச் செய்கிறவர். பாளையில் அவருக்கு நல்ல பெயர். ஜெபாவின் படத்தை மேசைமேல் விரித்து, நாலு மூலையிலும் இரும்பு நட்டுகளை வைத்துப் பார்த்தார். மேலே ஆங்கிலத்தில் 'ஸ்மோக்கர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. உறுப்புகளின் பெயரை அவருக்காக நான்தான் பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தேன்.

"தங்கச்சி, தீப்பெட்டிய எதுக்குப் பீப்பாயோட சேத்து வெல்டு வைக்கணும்? அத இடுப்புல சொருகிக்கிடலாம்லா?" என்றார்.

விறகு எரியும் பெட்டி என்று விளக்கினேன். "அடுப்புன்னு எழுதுனா என்ன?" என்றார். அதுவும் சரிதான். படத்தில் புகைக்குழாய் தொடங்கும் இடத்தைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். உதட்டைப் பிதுக்கினார்.  "ரெண்டு நா கழிச்சி வாங்க" என்றார். அந்தச் சுளிப்பு ஏன் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

நடுவில் கிடைத்த நாளில் மதினியோடு மணிமுத்தாறு போய் வந்தேன். மாமாவையும் கூப்பிட்டோம். "நான் பாக்காத மணிமுத்தாறா?" என்று மறுத்துவிட்டார். ஆனால் எந்த வளைவில் வாந்தி வரும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்று சொல்லி அனுப்பினார். வழியெல்லாம் வாழை. எங்கள் ஊர்த் தென்னந்தோப்புகளைவிட இது கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஒப்புக்கொள்கிறேன். அணைக்குக் கீழே பொரித்த மீன் வாங்கித் தின்றோம். திரும்பும்போது பஸ் டிரைவர் மதினியை அடையாளம் கண்டுகொண்டார்.

"சாமுவேல் அண்ணாச்சி நல்லாருக்காவளா? அவியட்டதான் நான் வண்டி படிச்சேன். வண்டியில உக்காந்தா வாய் ஓயாது, பாடிக்கிட்டே ஓட்டுவாவ. இப்பம் பேசவே மாட்டங்காவளாமே" என்றார்.

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா பாடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பதினைந்து வருட மருமகள் நான்.

சொன்ன நாளில் அடுப்பு வந்து இறங்கியது. அழகு என்றால் அப்படியோர் அழகு. கறுப்பு வண்ணம், பித்தளைக் கைப்பிடி, நாலு சக்கரம். ஹூஸ்டனில் இருப்பது இதன் பக்கத்தில் நின்றால் பிச்சைக்காரன்தான். ஆட்டுத் தொடை ஒன்றை முதல்நாளே மிளகும் உப்பும் தடவி வைத்திருந்தேன். காலையில் விறகைப் பற்றவைத்து, வெப்பமானியைச் செருகி, கறியை உள்ளே வைத்தேன். மாமா அதற்கு முன்பே பென்ஷன் வேலையாக வெளியே போயிருந்தார், அடுப்பு அணைந்தபிறகுதான் திரும்பினார். முள் ஜெபா சொன்ன இடத்தில் சரியாக நின்றது. குழாயில் புகை ஒரே சீராக மேலே போனது. எனக்கே பெருமையாக இருந்தது.

மாலையில் வெட்டித் தட்டில் வைத்தேன். மாமா ஒரு துண்டை எடுத்து மென்றார். வீடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கறி வெந்திருக்கு" என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

வெந்திருக்கிறது என்பதைவிட மோசமாக ஒரு சமையலை யாரும் பாராட்ட முடியாது. நானும் ஒரு துண்டைத் தின்றேன். குக்கரில் வைத்த கறிதான். ஒரு பொட்டுப் புகை மணம் இல்லை. ஆறு மணிக்கு ஜெபா கூப்பிட்டதும் கறியைக் கேமராவில் காட்டினேன். "வெளுத்துக் கெடக்கே. புகை உள்ளயே போவல" என்றான். மூடியைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

அடுப்புக்கும் பீப்பாய்க்கும் நடுவில் அண்ணாச்சி ஒரு தகட்டை வைத்து முழுக்க அடைத்திருந்தார். புகை பீப்பாய்க்கு அடியில் தனிக்குழாய் வழியாக ஓடி, நேரே வெளியே போய்க்கொண்டிருந்தது. சூடு மட்டும்தான் கறிக்கு.

போனை எடுத்துக்கொண்டு நான் நேரே பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் சிரித்தார். "எப்படி? ஒரு பொட்டுப் புகை உள்ள வராதே!"

"ஏனுங்க அண்ணாச்சி அடைச்சீங்க?"

"பின்ன? படத்துல மாப்பிள்ள தப்பா வரைஞ்சிருந்தாவ. அப்படியே செஞ்சா புகை பூரா கறிலதான் போயி அடையும். படிச்ச மனுசன், அவசரத்துல விட்டுட்டாவன்னு நானே சரி பண்ணிட்டேன். அதுக்குத் தனியாக் கூலி வேண்டாம்."

புகை கறியில் அடையவேண்டும் என்பதுதான் விஷயமே என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "புகைஞ்ச சோத்த நாய் திங்குமா தங்கச்சி? பால் புகைஞ்சா கீழ ஊத்துதோம். முருகன் செஞ்ச அடுப்புல கறி புகை நாத்தம் அடிக்குன்னு நாளைக்கு ஊர் சொல்லும். நான் வெட்ட மாட்டேன்" என்றார். நான் என்னென்னவோ சொன்னேன். அமெரிக்காவில் பழக்கம் என்றேன். "அவனுவளுக்கு நாக்கு செத்துப் போயிருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புகையை எப்படித் தமிழில் நல்லதாகச் சொல்வது என்று தெரியவில்லை. புகைச்சல் என்றால் பொறாமை, புகைந்துவிட்டது என்றால் கெட்டுவிட்டது. போனை அவரிடம் நீட்டினேன்.

ஜெபாவும் முதலில் திணறினான். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அண்ணாச்சி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டு மறுத்துத் தலையாட்டினார். திடீரென்று அந்தப் பக்கம் பேச்சு நின்றது. இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அவன் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"மூட்டம்!" என்று கத்தினான். "மூட்டம் அண்ணாச்சி! வாழத்தாருக்குப் போடுதோம்லா, அதே மாதிரி. கறிக்கு மூட்டம் போடணும்."

வாழைத்தாரை மூடிய அறையில் அடுக்கி, புகையைப் போட்டு அடைத்துப் பழுக்கவைப்பதற்குப் பெயர் மூட்டம். அண்ணாச்சி போனையே பார்த்தார். "அடப்பாவி மனுசா. அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன? ஸ்மோக்கரு, ஸ்மோக்கருன்னா நான் பீடி குடிக்கவன்னு நெனச்சேன்" என்றார். அடுத்த நிமிடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "வண்டிய அனுப்பி அடுப்ப எடுத்துட்டு வாங்க" என்றார். ஜெபா அந்தப் பக்கம் "மூட்டம், மூட்டம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. தொலைத்த சாவி கிடைத்தவன் மாதிரி இருந்தது அவன் குரல்.

மூட்டம் என்று தெரிந்தபின் அண்ணாச்சிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நடுத் தகட்டை வெட்டி எடுத்தார். குழாயைக் கறி வைக்கும் கம்பிவலை மட்டத்துக்கு இறக்கினார். மேலே இருந்தால் புகை கறியைத் தொடாமல் ஓடிவிடும் என்று எனக்கே விளக்கினார். குழாய் வாயில் திருப்பித் திறக்கிற மூடி ஒன்றும் வைத்தார். ஜெபா படத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: மூடி இடுக்கில் கசியும் இடத்தில் பூச ஒரு வாளி களிமண். "பையப் பையத்தான் விடணும். அவசரப்பட்டியன்னா கசந்து போயிரும்" என்றார். மூட்டம் போட்ட பழத்துக்குச் சொல்வதைத்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் மதினியும் கொல்லையில் மறுபடி தீ மூட்டினோம். முதலில் வெள்ளைப் புகை குப்பென்று வந்து கண்ணை எரித்தது. விறகு கனிந்ததும் அது மெலிந்து, நீலமாகி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஆனது. அப்போதுதான் கறியை வைக்கவேண்டும் என்று பதினோரு பக்கத்தில் ஏழாம் பக்கம் சொன்னது. வைத்தோம். இடுக்கில் களிமண் பூசினோம். நான் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணிநேரத்துக்கு ஒரு விறகு. வேறு வேலை கிடையாது.

மாமா அன்று மதியமும் ஒழுங்காகச் சாப்பிடாமல் போய்ப் படுத்தார். இதுவும் பலிக்காவிட்டால் ஜெபாவிடம் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. செவ்வாய்க்கிழமை நான் கிளம்பவேண்டும்.

மூன்றரை மணி இருக்கும். உள்ளேயிருந்து தூக்கம் கலையாத குரலில் மாமா கேட்டார்: "எஸ்தரு, யாரு வெந்நி போடுதா?"

தட்டு கழுவிக்கொண்டிருந்த மதினியின் கை நின்றது. அந்த வீட்டில் சுடுதண்ணீருக்குக் குழாயைத் திறந்தால் போதும். மதினி என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். "முந்தி அம்மாதான் போடுவாவ. அப்பா டூட்டி முடிஞ்சி வருததுக்குள்ள, உடை வெறகுலதான். நானும் தம்பியும் அடுப்புப் பக்கத்துல உக்காந்துதான் படிப்போம்."

மாமா பனியனோடு கொல்லைக்கு வந்தார். மூக்கை உயர்த்தி நின்றார். வெந்நீர் இல்லை, கறிதான் என்றேன். குழாய்க்கு மேலே கையை நீட்டிப் புகையில் வைத்தார். உள்ளங்கையை மோந்து பார்த்தார்.

"உடைதான இது?"

"ஆமாங்க மாமா."

"அவன் அங்கன என்னத்தப் போட்டு எரிக்கான்?"

"இதேதாங்க மாமா. அங்கயும் இந்த மரம் உண்டு. எத்தனையோ விறகு கடையில இருக்கு. ஆப்பிள் மரம்கூட இருக்கு. அவர் வேற எதையும் தொடமாட்டாருங்க. சனிக்கிழமை சனிக்கிழமை இதைப் பத்தவச்சுட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துக்குவாரு. நாள் பூரா எந்திரிக்கவே மாட்டாரு."

சொல்லி முடித்தபோதுதான் என் காதில் அது விழுந்தது. இத்தனை வருடம் அவன் அமெரிக்கனாகிவிட்டான் என்று சிரித்தேனே, அவன் உட்கார்ந்திருந்தது ஒருநாளும் ஹூஸ்டனில் இல்லை, அத்தையின் வெந்நீர் அடுப்புப் பக்கத்தில். எனக்கு வெட்கமாக இருந்தது. அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. "மாமா, அத்தை போனப்ப அவர் கிளம்பத்தான் இருந்தாரு. தடுத்தது நான்தாங்க" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். "பிள்ளைய வச்சிருக்கவ வேற என்ன சொல்லுவ?" என்றார். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நெடுநேரம் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போன் போடும்மா" என்றார்.

அங்கே விடிந்திருக்காது. முதல் மணியிலேயே ஜெபா எடுத்தான். நான் போனை மாமா கையில் கொடுத்தேன்.

"ஏலே" என்றார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஏலே, காதுல விழுதா?"

"விழுதுப்பா."

"அங்கன உக்காந்து வெந்நி அடுப்பையா மோந்துக்கிட்டுக் கெடக்க?"

 "ஆமாப்பா" என்றான் ஜெபா.

"பச்ச வெறகப் போடாத. கண்ணு போயிரும். ஒங்கம்ம காய வச்சித்தான் எடுப்பா."

"தெரியும்ப்பா."

மதினி அவசர அவசரமாகக் களிமண்ணைத் தட்டி, மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி ஊதிக் கொடுத்தார். முழுசாக வெந்திருக்கவில்லை. மாமா வாயில் போட்டு மென்றார். "உப்பு கொறவு" என்றார். "நல்லாத்தான் இருக்கு." இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் மாமாவுக்குக் கேட்கவேண்டியது மிச்சம் இருந்தது.

"அன்னைக்கு ஏம்ல பொய் சொன்ன?"

"என்னப்பா பொய்?"

"அம்ம போன அன்னைக்குப் போன் போட்ட. அழுத. கடைசியில, 'சரிப்பா, வாரேன்'னு சொன்ன. நான் ஐஸ் பெட்டிக்காரன்ட்ட இன்னும் ஒரு நா வேணும்னேன். பாதிரியார்ட்ட, என் மவன் வாரான், பொறுங்கன்னேன். ரெண்டு நாளும் வாசல்லயே நின்னேம்ல."

மதினி வாயைப் பொத்திக்கொண்டார். "அவன் வரலன்னு நாங்க படிச்சுப் படிச்சுச் சொன்னோம். அப்பாதான், 'என்கிட்ட வாரேன்னான், வைங்க'ன்னே சொல்லிக்கிட்டிருந்தாவ" என்று என் காதில் சொன்னார்.

"அப்பா" என்றான் ஜெபா.  "அது போன வைக்கதுக்குச் சொன்னதுப்பா. எப்பவும் அப்படிச் சொல்லித்தான வைப்பேன்."

போகிறேன் என்று சொல்லக்கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வர்றனுங்க, இவர்கள் ஊரில் வாரேன். மாமாவும் ஆயுள் முழுக்க அதைச் சொல்லித்தான் வீட்டைவிட்டு இறங்கியிருப்பார். அந்த ஒருநாள் மட்டும் அவர் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

 விறகு ஒன்று உள்ளே சரிந்தது.

"அப்படியால" என்றார் கடைசியில். "நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்." பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். குளிரா என்று கேட்டார். அடுப்புக்கு மழை படாமல் தகரம் போட்டிருக்கிறானா என்று கேட்டார். போடவில்லை என்றதும் திட்டினார்.

"சரி, விடியப் போவுது. ஒன் வேலையப் பாரு" என்றார்.

"சரிப்பா. வைக்கேன்."

"என்னது?"

"வைக்கேன்ப்பா."

"அதென்னல வைக்கேன்? எப்பவும் சொல்லுததச் சொல்லு."

 மாமா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வாரேன்ப்பா."

"ம், வா" என்றார் மாமா.